கல்லைக் கொட்டும் முன் ஒரு மரம்

பீனிக்ஸ் பள்ளத்தாக்கில் புதுவீடு புகும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



சாண்ட்லர், கில்பர்ட், குயின் கிரீக், பியோரியா என்று இந்தப் பள்ளத்தாக்கின் நாலு திசையிலும் நம்மவர்கள் வீடு வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பால் காய்ச்ச அழைக்கிறீர்கள், மகிழ்ச்சியோடு வருகிறோம். உள்ளே எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறது. பின்கதவைத் திறந்தால் கட்டுமானக்காரர்கள் விட்டுப்போன வெறும் மண், மூன்று பக்கமும் ஆளுயர மதில், மூலையில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய் முனை. இங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் மூன்றில் ஒரு பதில் கிடைக்கிறது. பிள்ளைகள் ஓடியாடப் புல்தரை என்கிறார்கள் சிலர். வேலையே வேண்டாம், முழுக்கக் கல்லைக் கொட்டிவிடுகிறோம் என்கிறார்கள் வேறு சிலர். இன்னும் சிலருக்கு ஊரில் அம்மா வைத்திருந்த தோட்டம் அப்படியே வேண்டும். மா, வாழை, மல்லி, செம்பருத்தி.

செப்டம்பர் முடிகிறது. தோட்ட ஒப்பந்தக்காரர்கள் விலைப்பட்டியலோடு வந்துபோகும் காலம். கையெழுத்துப் போடுமுன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். குறைந்த வேலையில் நிற்கும் பாலைவனத் தோட்டம் வேண்டுமானால் மரத்திலிருந்து தொடங்குங்கள். கல், கள்ளி, பூச்செடி, குழாய் எல்லாவற்றையும் மரம் எங்கே நிற்கப்போகிறது என்று முடிவான பிறகு யோசிக்கலாம்.

பாலைவனம் என்றதும் நமக்குச் சினிமாவில் பார்த்த மணல்மேடும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வருகின்றன. நாம் குடியிருக்கும் சொனோரா பாலைவனம் அந்த வகை இல்லை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. பீனிக்ஸில் ஏழு அங்குலம், அதாவது 180 மில்லிமீட்டர் சொச்சம். ஆனால் அந்தக் கொஞ்சமும் இரண்டு பருவமாகப் பிரிந்து வருகிறது. குளிர்காலத்தில் நிதானமான மழை, ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் புழுதியுமாக மான்சூன். இரண்டு பருவம் கிடைப்பதால் இங்கே மரங்கள் உண்டு. ஊருக்கு வெளியே சவாரோ கள்ளிகள் நிற்கும் எந்தக் குன்றையும் கிட்டே போய்ப் பாருங்கள். பெரும்பாலான இளம் சவாரோக்கள் ஒரு பாலோ வெர்டே அல்லது அயர்ன்வுட் மரத்தின் நிழலில்தான் நிற்கும். வெயிலையும் உறைபனியையும் அந்த மரம் தடுத்துக்கொடுக்க, அதன் மடியில் கள்ளிக் குஞ்சு பல பத்தாண்டு வளர்கிறது. பாலைவனமே மரத்தை முதலில் வைத்துத்தான் மற்றதை வளர்க்கிறது. நாம் மட்டும் ஏன் தலைகீழாகச் செய்யவேண்டும்?

கல்லைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் 'வேலையே இல்லாத தோட்டம்' என்று விற்கப்படுவது அதுதான். மரமில்லாத முற்றத்தில் கொட்டிய ஜல்லி பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அதை உங்கள் சுவருக்கும் சன்னலுக்கும் திருப்பித் தருகிறது. குளிர்சாதனம் நடுராத்திரியிலும் ஓடிக்கொண்டிருக்கும். களையும் வரும். கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தால் களை வராது என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். விதை கீழிருந்து வருவதில்லை. மான்சூன் புழுதி கல்லிடுக்கில் படிந்து, காற்றில் வந்த விதை அதன் மேலேயே முளைக்கிறது. அடியில் இருக்கும் தாளோ மண்ணுக்குள் தண்ணீரும் காற்றும் போகாமல் தடுத்து, பிற்பாடு நீங்கள் வைக்கும் மரத்தின் வேரை மூச்சுமுட்ட வைக்கும். தாளே வேண்டாம். இரண்டு அங்குலக் கனத்துக்குப் பொடிக்கல் பரப்பினால் போதும். அதுவும் மரநிழல் விழும் இடத்தில்.

புல்தரைக்காரர்களிடம் ஒரு வார்த்தை. இங்கே கோடையில் பச்சையாக இருக்கும் பெர்முடா புல் வேறொன்றும் இல்லை, பிள்ளையாருக்குச் சாற்றும் அருகம்புல்லேதான். ஊரில் வரப்போரம் தானாக வளர்வதை இங்கே ஆற்றுநீர் கொடுத்து வளர்க்கிறோம். கொலராடோ ஆற்று நீர் 336 மைல் நீளக் கால்வாயில், மலைமேல் ஏற்றப்பட்டு நம் பக்கம் வருகிறது. அந்த ஆற்றில் தட்டுப்பாடு என்று அமெரிக்க மத்திய அரசு முதன்முறையாக அறிவித்தது 2021 ஆகஸ்டில். பெரிய வெட்டு விழுந்தது அரிசோனாவுக்கு. இங்கே வீடுகளின் தண்ணீர்ச் செலவில் 70 சதவீதம் வரை வீட்டுக்கு வெளியேதான் போகிறது என்கிறது மாநில நீர்வளத் துறை. புல்லை எடுத்தால் பணம் திருப்பித் தரும் நகராட்சிகளும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. எடுப்பதற்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும் என்பதால் முதலில் உங்கள் நகராட்சியின் தண்ணீர் அலுவலகத்தில் கேளுங்கள். பழைய வீடு வாங்கியவர்கள் கவனிக்க: அருகம்புல்லைக் காயவிட்டுக் கொல்ல முடியாது. காய்ந்ததுபோல் படுத்துக்கொண்டு அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கும். கோடையில் நன்றாக நீர்விட்டுப் பச்சையாக்கி, அது வளரும்போதுதான் களைக்கொல்லிக்குப் பணியும். அதுவும் ஒரே தடவையில் இல்லை. இந்த வேலையை முடிக்காமல் மேலே கல் பரப்பினால் ஆண்டுக்கணக்கில் கல்லுக்கு நடுவே அருகு பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள். செயற்கைப் புல் என்று கேட்காதீர்கள். ஜூலை மதியத்தில் அதன்மேல் எந்தப் பிள்ளையும் வெறுங்காலோடு நிற்காது.

இனி மரம். கோடையில் வீட்டை வாட்டுவது மேற்கிலிருந்து வரும் பிற்பகல் வெயில். ஆகவே மேற்கும் தென்மேற்கும்தான் முதல் மரத்துக்கான இடம், சுவரிலிருந்து 12 முதல் 15 அடி தள்ளி. எந்த மரம் என்றால் என் முதல் தேர்வு 'டெசர்ட் மியூசியம்' என்ற பாலோ வெர்டே வகை. டூசானில் இருக்கும் அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகத்தில் மார்க் டிமிட் என்ற தாவரவியலாளர் கண்டெடுத்த கலப்பினம். முள் கிடையாது, விறுவிறுவென்று வளரும், 25 அடிக்குக் குறையாமல் குடைவிரிக்கும். இதன் தண்டும் கிளையும் பச்சை. இலை என்பது கண்ணில் எளிதில் படாத சிறு துணுக்கு. வறட்சி கடுமையானால் அதையும் உதிர்த்துவிட்டுப் பட்டையாலேயே உணவு தயாரித்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் அந்தப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள், வழவழப்பாக, மெழுகு பூசிய மாதிரி இருக்கும். ஏப்ரலில் மரம் முழுக்க மஞ்சள். ஒரு வாரம் கழித்துத் தரை முழுக்க மஞ்சள். நீச்சல் குளம் உள்ளவர்கள் இந்த மரத்தைக் குளத்துக்குக் காற்று வராத பக்கம் வையுங்கள், இல்லையேல் ஏப்ரல் முழுதும் வடிகட்டியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தேர்வைச் சொன்னால் ராமநாதபுரத்துக்காரர்களும் விருதுநகர்க்காரர்களும் என்னை அடிக்க வருவார்கள். மெஸ்கீட். ஆமாம், நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, விறகுக்கென்று பரப்பி, கண்மாய்களையும் கரம்பையும் அது மூடிக்கொண்டு, கடைசியில் உயர் நீதிமன்றமே வெட்டச் சொல்லும் நிலை வந்தது நமக்குத் தெரியும். அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு வந்து இங்கேயும் மெஸ்கீட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். இங்கே வெல்வெட் மெஸ்கீட் மண்ணின் மரம். இதன் இனிப்பான காயை இடித்து மாவாக்கி உண்டு வாழ்ந்தவர்கள் டொஹோனோ ஓதம் மக்கள். இன்றும் அந்த மாவு கிடைக்கிறது, தோசை மாவில் ஒரு கரண்டி சேர்த்தால் நன்றாகவே இருக்கிறது. காடைகளும் தேனீக்களும் இந்த மரத்தை நம்பி இருக்கின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை. கடைகளில் வேகமாக வளரும் தென்னமெரிக்கக் கலப்பு மெஸ்கீட்டுகளை முன்னால் நிறுத்தியிருப்பார்கள். மேலே சீக்கிரம் கனத்துவிடும், மான்சூன் காற்றில் வேரோடு சாய்வது பெரும்பாலும் அவைதான். வெல்வெட் வகையையே பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. காங்கேயம் மாடு மேயும் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் இருக்கிறதே, அதை 1930களில் மேய்ச்சலுக்கென்று இங்கே கொண்டுவந்தார்கள். பஃபல் கிராஸ் என்ற பெயரில் அது இப்போது சொனோரா பாலைவனத்தின் பெரும் பகை. செடிக்குச் செடி இடைவெளி விட்டு நிற்பதால் இந்தப் பாலைவனத்தில் இயல்பாகத் தீ பரவுவதில்லை. அந்த இடைவெளியை இந்தப் புல் காய்ந்த சருகாக நிரப்பிவிடுகிறது. தீ வந்தால் சவாரோ பிழைக்காது. அரிசோனா 2005இல் இதைத் தீங்குக் களை என்று அறிவித்தது. உங்கள் கல் முற்றத்தில் கொத்தாக, நரிவால் கதிரோடு ஒரு புல் முளைத்தால் ஊர்ப்பாசம் பார்க்காமல் வேரோடு பிடுங்கிவிடுங்கள். அதே போல 'இண்டியன் ரோஸ்வுட்' என்று சொல்லிச் சிசு மரத்தைத் தலையில் கட்டுவார்கள். நாலே ஆண்டில் நிழல் தருவது உண்மைதான். அதன் வேர் நடைபாதையைத் தூக்குவதும், பத்தடி தள்ளி முற்றத்தில் கன்றுகள் கிளம்புவதும் அதே அளவு உண்மை.

இடம் குறித்துவிட்டீர்கள், குழி வெட்டவேண்டும். அதற்கு முன் 811 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும், இது சட்டம். இரண்டு வேலை நாள் முன்னதாகச் சொன்னால் எரிவாயு, மின்சாரம், கேபிள் எங்கே ஓடுகிறது என்று வந்து வண்ணக்கோடு போட்டுவிட்டுப் போவார்கள், காசு கிடையாது. உங்கள் சொந்தச் சொட்டுக் குழாயையும் அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாயையும் அவர்கள் குறிக்கமாட்டார்கள், அவற்றை நீங்களே நினைவில் வையுங்கள். மண்ணை முந்தின நாளே நனைத்துவிடுங்கள், வெட்டும்போது முகக்கவசம் போடுங்கள். இந்த மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையின் வித்து புழுதியோடு நுரையீரலுக்குப் போனால் 'வேலி ஃபீவர்' வரும். பலருக்குச் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போகும். சிலரை மாதக்கணக்கில் படுக்கப்போட்டுவிடும். வயதான அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களிடம் மண்வெட்டியைக் கொடுக்காதீர்கள், ஆசைப்பட்டாலும்.

ஒன்று இரண்டு அடியில் 'டங்' என்று கடப்பாரை எகிறினால் அது கலிச்சே. நம்மூர் சுக்கான் பாறையின் அண்ணன். சுண்ணாம்பு இறுகிக் கெட்டிப்பட்ட வெள்ளைப் படலம். அதற்கு மேலே குழி வெட்டி மரம் வைத்தால் தண்ணீர் இறங்காமல் தொட்டியில் நிற்பதாகிவிடும். வெட்டிய குழியில் தண்ணீர் நிரப்பி விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் கடப்பாரையால் அடிப்பாறையை ஓர் ஓரத்திலாவது துளைத்து வழி செய்யவேண்டும். முடியாவிட்டால் நாலடி தள்ளி வேறு இடம் பாருங்கள். குழியின் ஆழம் தொட்டி மண்ணின் உயரம்தான், அதற்கு மேல் ஒரு விரற்கடையும் வேண்டாம். அகலம் மட்டும் அதைப்போல மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்கு. எரு, செம்மண், தென்னை நார் எதுவும் கலக்கவேண்டாம், வெட்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது. சத்து மண்ணைக் கண்ட வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுருண்டுகொள்ளும், வெளியே இறங்காது. கடையிலிருந்து வரும்போது தண்டோடு இறுக்கிக் கட்டிய குச்சியை அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். நிற்கவே முடியாத கன்றானால் இரண்டு பக்கமும் தள்ளி முளை அடித்துத் தளர்வாகக் கட்டி, ஒரு பருவம் போனதும் எடுத்துவிடவேண்டும்.

மழைக்கும் அந்த மரத்துக்கும் ஓர் ஒப்பந்தம் செய்துவையுங்கள். தமிழ்நாட்டில் 2003இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தது நினைவிருக்கும். ஏழு அங்குல மழையில் என்ன சேகரிப்பது என்று இங்கே சிரிக்கிறோம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் பெய்தால் 600 காலன் தண்ணீர் வழிகிறது. 2,000 சதுர அடிக் கூரைக்கு ஆண்டு முழுதும் கணக்குப் போட்டால் 8,000 காலனைத் தாண்டுகிறது. நம் கணக்கில் 30,000 லிட்டருக்கு மேல். இதில் பெரும்பகுதியைக் கார்ப்பாதை வழியே தெருவுக்கு அனுப்பிவிட்டுக் குழாயைத் திறக்கிறோம். டூசானில் பிராட் லான்காஸ்டர் என்பவர் தெருவோரக் கட்டையை வெட்டித் தெருவில் ஓடும் மழைநீரையே மரப்பாத்திக்குள் திருப்பினார். ஆரம்பத்தில் அனுமதி இல்லாமல் செய்தது, பிறகு நகராட்சியே 2007இல் ஏற்றுக்கொண்டது. நீங்கள் கட்டையை வெட்டவேண்டாம். கூரைநீர் இறங்கும் இடத்திலிருந்து அஸ்திவாரத்துக்குப் பத்தடி தள்ளி, ஓர் அடி ஆழத்துக்குள் சரிவான பள்ளமும் அதன் ஓரத்தில் ஒரு கரையும் எடுத்து, மரத்தைக் கரைமேல் நட்டால் போதும். பள்ளத்தின் நடுவில் நடவேண்டாம், தண்டு ஊறிவிடும். கண்மாயும் கரையும் கட்டிப் பிழைத்தவர்களுக்கு இதை நான் படம் போட்டு விளக்கவேண்டியதில்லை.

மரம் நின்ற பிறகு கீழே என்ன வைப்பது என்பது ருசியைப் பொறுத்தது, அதனால் அதிகம் சொல்லப்போவதில்லை. வசந்தத்தில் மஞ்சளுக்குப் பிரிட்டில்புஷ், ஆரஞ்சுக்குக் குளோப் மாலோ, இளஞ்சிவப்புக்கு பேரி பென்ஸ்டிமன், தேன்சிட்டைப் போன்ற ஹம்மிங்பேர்டுகளுக்குச் சிவப்புப் பூப்பூக்கும் சுப்பரோசா. ஊரில் சாலையோரம் மஞ்சளாகப் பூக்கும் டெக்கோமா இங்கே மண்ணின் செடியே. கிரியோசோட் ஒன்றாவது இருக்கட்டும். முதல் மழைக்கு இந்தப் பாலைவனம் முழுதும் வீசும் வாசனை அதன் இலைப் பிசினுடையது. டெக்சாஸ் சேஜ் சாம்பல் நிறத்தில் சும்மா நிற்கும். மான்சூன் ஈரம் காற்றில் ஏறியதும் ஒரே நாளில் ஊதாவாகிவிடும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த ஊதாவைப் பார்க்கவே முடிவதில்லை. காரணம், செடி வளர்ந்தால் எட்டடி அகலம் என்று சீட்டில் போட்டிருப்பதைப் படிக்காமல், அன்றைக்கே நிறைந்து தெரியவேண்டும் என்று மூன்றடிக்கு ஒன்றாக நட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு நெரிசல். உடனே மாதாமாதம் ஆள் வந்து இயந்திரக் கத்தரியால் ஒவ்வொன்றையும் லட்டுப் பிடித்த மாதிரி உருட்டிவிட்டுப் போகிறார். பூ வரவேண்டிய நுனி எல்லாம் குப்பைப் பையில். பராமரிப்புச் செலவு என்று நாம் புலம்புவதில் பாதி இந்த நெரிசலுக்குக் கொடுக்கும் அபராதம். எட்டடி என்றால் எட்டடி விட்டு நடுங்கள். இரண்டு ஆண்டு மொட்டையாகத்தான் தெரியும், தெரியட்டும். எச்ஓஏ என்ற வீட்டுரிமையாளர் சங்கம் கடிதம் அனுப்பினால் அவர்களுடைய செடிப் பட்டியலையே காட்டுங்கள். இவற்றில் பல பெரும்பாலும் அதில் இருக்கும்.

சவாரோ வேண்டும் என்று பலருக்கு ஆசை. முதல் கை முளைக்கவே ஐம்பது அறுபது ஆண்டு, பல சமயம் அதற்கு மேலும் எடுக்கும் செடி அது. வளர்ந்ததை விற்பவர்கள் அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். மாநிலச் சட்டம் பாதுகாக்கும் தாவரம், வேளாண் துறையின் வில்லை இல்லாமல் யார் கொண்டுவந்து இறக்கினாலும் வாங்காதீர்கள். இன்னொரு தயக்கம் வெப்பம். 2023 ஜூன் கடைசி நாளிலிருந்து பீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து பகல் வெப்பம் 110 டிகிரிக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் குறையவில்லை. தொடர்ந்து 16 இரவுகள் 90 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்தக் கோடையில் சவாரோக்கள் கைகளை உதிர்த்தன, சில முழுதாகவே சாய்ந்தன. கள்ளி இரவில்தான் மூச்சு விடுகிறது. இரவு குளிராவிட்டால் அதற்கு ஓய்வே இல்லை. சுற்றிலும் கல்லும் தார்ச்சாலையும் கான்கிரீட்டும் சூடேற்றும் நகர முற்றத்தில் வயதான சவாரோவைத் தனியாக நிறுத்துவது எனக்கு உவப்பாக இல்லை. ஓரடிக் கன்றை வாங்கி உங்கள் பாலோ வெர்டேயின் கீழ் வையுங்கள். பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். எந்தக் கள்ளியை நட்டாலும் கடையில் எந்தப் பக்கம் தெற்கு நோக்கி இருந்ததோ அதே பக்கம் தெற்கு நோக்கட்டும், இல்லையென்றால் பழகாத பக்கம் வெந்து மஞ்சளாகி வடுப்பட்டுவிடும். முதல் கோடைக்கு நிழல்வலை போடுங்கள்.

சப்பாத்திக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் பதறாதீர்கள். விரலால் நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாறு வரும். காச்சினீல் பூச்சி. அந்தச் சாயத்துக்காகத்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். வந்துசேர்ந்தது மட்டமான ரகம், சாயத்துக்கு ஆகவில்லை. ஊரெல்லாம் படர்ந்திருந்த கள்ளியைத் தின்றுதான் பேர் வாங்கியது. உங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போய்விடும், மருந்து தேவையில்லை.

தண்ணீர்தான் மிச்சம். இங்கே பாலைவனச் செடிகள் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். டைமரை ஒருவர் தினமும் பத்து நிமிடம் என்று வைத்துவிட்டுப் போகிறார், அப்படியே இருக்கிறது. மேல்மண் ஈரம், கீழே வறட்சி. வேர் மேலேயே படர்கிறது, முதல் புயலில் மரம் படுத்துவிடுகிறது. டூசான் பக்கம் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் மெஸ்கீட் வேர் கண்டதாக 1960களில் பதிவாகியிருக்கிறது. அப்படி இறங்கத் தெரிந்த வேரைப் பத்து நிமிடச் சொட்டால் மேலேயே கட்டிப்போடுகிறோம். இந்த ஊர் நீர்த்துறைகள் சொல்லும் கணக்கு எளிது. கள்ளிக்கும் தரைப்படர் செடிக்கும் ஓரடி ஆழம், புதருக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்றடி ஈரம் போகவேண்டும். போயிற்றா என்று அறிய ஒரு நீளமான இரும்புக் கம்பி போதும். நீர் விட்ட மறுநாள் மண்ணில் அழுத்துங்கள். ஈரம் உள்ள வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். கம்பி நின்ற ஆழத்தைப் பார்த்து அடுத்த முறை நேரத்தைக் கூட்டுங்கள். அதன் பிறகு காயவிடுங்கள். வேர்பிடித்த பாலைவன மரத்துக்குக் கோடையில் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். நட்ட முதல் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் இதைவிட அடிக்கடி தேவை. குறைந்த பராமரிப்பு என்பது மூன்றாம் ஆண்டில்தான் ஆரம்பிக்கிறது, அதை எந்த விலைப்பட்டியலும் சொல்வதில்லை. சொட்டுவான்களை மரம் வளர வளரத் தண்டிலிருந்து நகர்த்திக் கிளை விரியும் எல்லைக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் குடிக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

மல்லியும் கறிவேப்பிலையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் வீட்டில் எனக்கே சாப்பாடு கிடையாது. அவற்றைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் புறத்தில், தனிக் குழாய்வழியில் ஒரே கூட்டமாக வையுங்கள். பாலோ வெர்டேயின் குழாயில் மல்லியைச் சேர்த்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் சாகும். முருங்கை இங்கே நம்பமுடியாத வேகத்தில் வரும். உறைபனி இரவில் கருகினாலும் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்தால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உள்ளே எடுக்கலாம். ஒரு வேண்டுகோள்: கலிபோர்னியாவிலோ டெக்சாஸிலோ இருக்கும் அத்தை வீட்டிலிருந்து கறிவேப்பிலைக் கன்றைக் காரில் கொண்டுவராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் வாழும். அதனால் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து அதை எடுத்துவருவதற்குத் தடை இருக்கிறது. உள்ளூர் நாற்றங்காலில் வாங்குங்கள்.

பாப்பகோ பூங்காவில் 1939இல் தொடங்கிய டெசர்ட் பொட்டானிக்கல் கார்டனுக்கு ஒரு ஞாயிறு குடும்பத்தோடு போய், இங்கே நான் சொன்ன மரங்கள் வளர்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள். இலையுதிர் காலத்தில் அங்கே செடி விற்பனையும் நடக்கும். பெரிய பெட்டியில் வைத்து விற்கும் வளர்ந்த மரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கவேண்டாம். ஐந்து காலன், பதினைந்து காலன் தொட்டிக் கன்றுகள் சீக்கிரம் வேர்பிடித்துச் சில ஆண்டில் பெட்டி மரத்தை எட்டிவிடும். நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபரும் நவம்பரும். அடுத்த வாய்ப்பு பிப்ரவரி, மார்ச். அப்போது நட்டால் வேர்பிடிக்கும் முன்பே கோடை வந்துவிடும். ஆகவே இந்த வாரமே மேற்குப் புறத்தில் ஓர் இடத்தைக் குறித்துவிட்டு 811க்கு அழையுங்கள்.

அன்புடன்,
சாண்ட்லரிலிருந்து உங்களில் ஒருவன்